மகன் உண்டு என்று எழுதினேன்

கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தவறு அந்த நேர்மையின் மறைவில்தான் இருந்தது என்பதால் அதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தால் முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் போனவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பணம் உரியது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எல்லா வழியும் இருந்தது. நான் தெரிந்துகொள்ள முயலவில்லை.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் என் பொறுப்பு எவ்வளவு என்று விளங்கும். முதியவர் ஒருவர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசிலோ, தாலுகா ஆபீசிலோ மனு கொடுப்பார். அது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போய், அங்கிருந்து ஆர்.ஐ. எனும் வருவாய் ஆய்வாளர் வழியாக விஏஓவிடம், அதாவது கிராம நிர்வாக அலுவலரிடம், விசாரணைக்கு வரும். விஏஓ வீட்டுக்குப் போய் வயது, சொத்து, வருமானம், ஆதரவு ஆகியவற்றை விசாரித்து, மனுதாரரிடம் வாக்குமூலம் வாங்கி, அறிக்கை எழுத வேண்டும். உத்தரவு போடுகிறவர் தனி தாசில்தார்தான். ஆனால் அவர் அந்த முதியவரைப் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்ப்பது என் அறிக்கையின் கடைசி வரியை. அந்த வரியில் நான் ‘தகுதியுடையவர்’ என்று எழுதினால் ஒரு வாழ்க்கை, ‘தகுதியற்றவர்’ என்று எழுதினால் வேறொரு வாழ்க்கை.

நான் அதிகம் எழுதிய வாசகம் இது: ‘மனுதாரருக்கு வயது வந்த மகன் உள்ளார். எனவே ஆதரவற்றவர் எனக் கருத இயலாது.’ இதை எழுத வெயிலில் நடக்க வேண்டாம். ரேஷன் கார்டில் மகன் பெயர் இருந்தால் போதும். விதியிலும் அதற்கு இடம் இருந்தது. பராமரிக்கத் தகுந்த பிள்ளை இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ‘பராமரிக்கத் தகுந்த’ என்ற பகுதியை விசாரிப்பதற்குத்தான் அரசு என்னை அந்த ஊரில் உட்கார வைத்திருந்தது. நான் ‘பிள்ளை’ என்ற பகுதியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன் அப்படி ஆனேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில், இறந்துபோன முதியவரின் பெயருக்கு மணியார்டர் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். வீட்டாரே கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். அன்றிலிருந்து மனு நீட்டும் ஒவ்வொரு கையையும் ஏமாற்ற வரும் கையாகப் பார்க்கத் தொடங்கினேன். இன்னொரு சமயம், மூத்த அதிகாரி ஒருவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே சொன்னார்: “தகுதியில்லாத ஒருத்தருக்குப் பணம் போச்சுன்னா ஆடிட்ல உன்னைக் கேப்பாங்க, தம்பி. தகுதியான ஒருத்தருக்குப் போகலைன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.” அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. தவறாகக் கொடுத்ததற்குத் தணிக்கை உண்டு, விளக்கம் கேட்டு மெமோ உண்டு, ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-இன் கீழ்க் குற்றச்சாட்டு உண்டு. தவறாக மறுத்ததற்கு ஒன்றுமே கிடையாது. அந்த அறிவுரையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேலி பயிரை மேய்ந்தால் ஊரே பேசும். வேலி பயிருக்கு வரும் தண்ணீரை மறித்தால் யார் கண்ணிலும் படாது. நான் செய்தது இரண்டாவதை. செய்துவிட்டு, அரசுப் பணத்தைக் காப்பாற்றியதாக நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு விவரம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தேர்வுக்குப் படித்தவன் நான். முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் குடிமக்களுக்கு அரசு தன் சக்திக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்வது எனக்கு மனப்பாடம். 1962-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயுடன் இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியதும் தெரியும். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-இல்தான் தேசிய அளவில் இதைக் கொண்டுவந்தது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், தேசிய முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு கிழவியின் அடுப்பு எட்டாம் தேதி வரை காத்திருக்காது என்பதை டெல்லியில் இருந்த நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். அந்தக் கிழவியின் ஊரிலேயே இருந்த நான், மனுக்களைக் கட்டிவைத்து, ஜமாபந்தி முடியட்டும், வசூல் முடியட்டும், தேர்தல் வேலை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளினேன்.

இனி நான் சொல்லப் போவது ஒரு பாட்டியைப் பற்றி. பெயர் வேண்டாம். கரிசல் காட்டு ஊர். பருத்தி எடுத்தும் களை வெட்டியும் பிழைத்தவர். கணவர் இறந்து வெகுகாலம். மகன் பட்டாசு ஆலையில் தினக்கூலி. மருமகள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டுவார். மழைக்காலம் வந்தால் இரண்டுமே நின்றுவிடும். பாட்டிக்குக் கண் மங்கி, காட்டு வேலைக்குப் போக முடியாத நிலையில் மனு கொடுத்தார். விசாரணைக்கு நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தலையாரியை அனுப்பி அவரை என் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன்.

“மகன் இருக்கான்ல பாட்டி. அவன் பார்த்துக்க மாட்டானா?”

“பார்த்துக்குவான்யா. தங்கமான பிள்ளை. அவனுக்கே பத்தலையேன்னுதான்...”

நான் வாக்குமூலத்தில் எழுதினேன்: ‘என்னை என் மகன் பராமரித்து வருகிறார்.’ பத்தவில்லை என்ற பாதியை எழுதவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்தும் காட்டவில்லை. மையை நீட்டினேன், பெருவிரலை அழுத்தினார், “நல்லா இருப்பய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயாலேயே அவர் மனுவைத் தள்ளுபடி செய்தேன். அப்போது அந்தத் தொகை மாதம் சில நூறு ரூபாய்தான். எனக்கு அது சின்னத் தொகை. அதனால் நான் செய்ததும் சின்னக் காரியமாகவே தெரிந்தது.

இதில் இன்னொரு கொடுமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் முன்னால் நின்று, மகன் குடிகாரன், சோறு போட மாட்டான், மருமகள் அடிக்கிறாள் என்று அழுதவர்களுக்குச் சில சமயம் பரிந்துரைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை ஓர் அதிகாரி முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராதவர்களைத் தள்ளினேன். ஆக, தன் பிள்ளையைப் பழித்தால்தான் சோறு என்று ஓர் ஊருக்கே கற்பித்தவன் நான். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. வசதியிருந்தும் கைவிடுகிற பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கையில் காசே இல்லாத மகனை எந்தச் சட்டமும் காசுள்ளவனாக்க முடியாது. அந்த இடத்தில்தான் உதவித்தொகை தேவைப்படுகிறது. கைவிடப்பட்டவர்களுக்கு மட்டுமல்லாமல், கைவிடாத ஏழைப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் அது தேவை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அந்த மருமகள் என்னிடம் வந்தார். அப்போதும் அந்தக் கிராமம் என் பொறுப்பில்தான் இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியிருந்தது. அந்தக் கார்டு வாங்க, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று அப்போது வருமானச் சான்று வேண்டியிருந்தது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிட்டது என்றார். 108 வண்டிதான் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனதாம். உயிர் பிழைத்துவிட்டார். இனி எதற்கும் கார்டு இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வருமானத்தைக் கணக்குப் போட்டேன். மகன் கூலி, மருமகள் தீப்பெட்டிக் கூலி, மழைக்காலம் கழித்து. எந்த வழியில் கூட்டினாலும் 72,000-க்கு வெகு கீழே. கையெழுத்திடும்போதுதான் உறைத்தது. இதே குடும்பத்தை, இதே மகனை, தாயைத் தாங்கும் வசதியுள்ளவன் என்று முன்பு எழுதியவன் நான். இப்போது வறியவன் என்று எழுதுகிறேன். இரண்டிலும் என் கையெழுத்து, என் முத்திரை. நடுவில் அந்த வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஒரு தாளில் உண்மை எழுதினேன், ஒரு தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி கட்டிலில் கிடந்தார். மருமகள்தான் சொன்னார். பிரஷர் இருக்கிறது என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மாத்திரை இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக வாங்கி அனுப்புவதால் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மாத்திரைகளுக்குக் காசு கிடையாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் அடுத்த ஊரில். போக வர பஸ் கட்டணம் வேண்டும். மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மாத்திரை தீர்ந்ததைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். தலைசுற்றினால் போய் வாங்குவார், தேறினால் விட்டுவிடுவார்.

“நல்லா நடமாடும்போதே அத்தை ஒரு நேரந்தான் சார் சாப்பிடுவாங்க. கேட்டா பசிக்கலைம்பாங்க. சம்பாதிக்காம உக்காந்து திங்குறோமேன்னு அவங்களுக்கு” என்றார் மருமகள். குரலில் என் மீது கோபமே இல்லை. தள்ளுபடி செய்தவன் நான் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும்.

உதவித்தொகை வந்திருந்தால் பக்கவாதம் வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. நோய்க்கு ஆயிரம் காரணம் இருக்கும். இலவச மாத்திரைக்கும் அந்த மனுஷிக்கும் இடையில் இருந்தது ஒரு பஸ் கட்டணம் என்பதையும், அதைக் கொடுக்கக்கூடிய பணத்தை நான் மறித்தேன் என்பதையும் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

புது மனு எழுத வைத்து, நானே கையோடு தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போனேன். உத்தரவு வந்தது. 2011-இலேயே தொகை 1000 ரூபாயாக உயர்ந்திருந்தது. மணியார்டர் போய், வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்து கொடுக்கும் முறை வந்திருந்தது. வலது கை அசையாததால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். களை வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை எளிதில் விழவில்லை. ஒருவழியாக விழுந்தது. ஆனால் உதவித்தொகை உத்தரவு போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு நிலுவை என்று ஒன்று கிடையாது. அவை போனது போனதுதான்.

சில மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது மருமகள் சொன்ன ஒரு வார்த்தையை நான் எத்தனையோ அரசாணைகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். “அத்தை இப்பல்லாம் பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க சார்.” உதவித்தொகையின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த ஆயிரம் ரூபாய் மகனுக்கு மாற்றாக வரவில்லை. மகன் வீட்டில் தலைநிமிர்ந்து ஒரு தட்டுச் சோறு கேட்கும் தெம்பைக் கொடுத்தது. பேரனுக்கு நோட்டு வாங்க மருமகள் கையில் காசு கொடுத்தபோது அவர் மறுபடி அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷி ஆனார்.

கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில், கறுப்பின முதியோருக்கும் ஓய்வூதியம் தாராளமாக விரிவாக்கப்பட்டதாம். 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டுஃப்ளோ அந்த வீடுகளை ஆராய்ந்திருக்கிறார். பாட்டிக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது என்பது அவர் கண்டது. கிழவிக்குக் கொடுத்த காசு குழந்தையின் உடம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் ‘தகுதியற்றவர்’ என்று எழுதியபோது, அந்த வீட்டில் எத்தனை வயிறுகளுக்கு எதிராக எழுதினேன் என்பது அன்று விளங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு என் குற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது. விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறுகிறது. அறிவிப்பு தாமதமானால் பெரும்பாலும் நிலுவையும் சேர்த்து வருகிறது. மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்டினால் போதும். எனக்கு மகன் இருக்கிறான், நல்ல சம்பளம் வாங்குகிறான். கருவூலத்தில் ஒருவரும் என்னிடம், உமக்கு மகன் இருக்கிறானே, ஓய்வூதியம் எதற்கு என்று கேட்டதில்லை. கேட்டால் நான் கொதித்துப் போவேன். இது நான் உழைத்ததற்கு உரியது என்பேன். அந்தப் பாட்டி உழைக்கவில்லையா? அவர் எடுத்த பருத்தி மில்லுக்குப் போய்த் துணியாகி ஊருலகம் உடுத்தியது. அவர் உழைத்ததற்குப் பதிவேடு இல்லை, எனக்கு இருக்கிறது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

என் அகவிலைப்படி அவ்வப்போது ஏற, 60 முதல் 79 வயதுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்கு, 2007-இல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டபோது இருந்த அதே 200 ரூபாயாகவே நான் ஓய்வு பெறும்வரை இருந்தது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்ததால்தான் இங்கே அது 1000 ஆகி, 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறுக்கு வரப் பன்னிரண்டு ஆண்டு. முதியோர் உதவித்தொகையையும் விலைவாசியோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்பதை நான் வேலையில் இருந்தபோது ஒரு சங்கக் கூட்டத்திலும் பேசியதில்லை. எங்கள் அகவிலைப்படிக்காகப் பேசினேன்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன, அவற்றைச் சொல்லாவிட்டால் அது இன்னொரு தவறு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறார். முதலமைச்சரின் காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. வருமானம் பார்க்காமல் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நடுவில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்து தள்ளுவதற்கு இடம் குறைகிறது.

ஆனால் உதவித்தொகை மனு இன்னும் விசாரணை வழியாகத்தான் போகிறது. இப்போது இ-சேவை மையத்தில் பதிகிறார்கள். கணினியிலும் கடைசி வரியை ஓர் ஆள்தான் எழுதுகிறார். இன்று அந்த நாற்காலியில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் கையெடுத்துக் கேட்கிறேன். அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். அடுப்படியைப் பாருங்கள். வாக்குமூலத்தை முழுதாக எழுதுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு மையை நீட்டுங்கள். மகன் உண்டா என்று கேட்டதோடு நிறுத்தாமல், அவன் கூலி என்ன, மழைக்காலத்தில் என்ன செய்வான் என்றும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் கொடுக்கும் பக்கம் எழுதுங்கள். தவறாகக் கொடுத்த பணத்தை அடுத்த மாதமே நிறுத்த அரசால் முடியும். தவறாக மறுத்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது. அரசிடம் கேட்பதும் ஒன்று உண்டு: தள்ளுபடி செய்த மனுக்களையும் தணிக்கை செய்யுங்கள். மறுத்தவனிடமும் விளக்கம் கேளுங்கள். என்னை ஒருமுறை கேட்டிருந்தால் நான் இத்தனை காலம் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

நான் வேலை பார்த்த ஊர்களில், என் அறிக்கையால் தள்ளுபடியானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் வீட்டில் படம் மாட்டியிருக்கிறது. அங்கே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன். இருப்பவர்களுக்குப் புது மனு எழுதிக் கொடுக்கிறேன். அதோடு தனித் தாளில், முன்பு இந்த மனுதாரர் வீட்டுக்குப் போகாமலே விசாரணை அறிக்கை எழுதினேன், அது தவறு என்று என் பெயரும் பழைய பதவியும் போட்டுக் கையெழுத்திட்டுச் சேர்க்கிறேன். அதனால் எனக்கு நடவடிக்கை வரும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வரட்டும். அந்தத் தாளைச் சேர்ப்பதை நான் நிறுத்தப் போவதில்லை.